பறவைகளின் உடல் மணமும் இணைசேர்தலும்: கோலசிலாங்கூர் வட்டாரப் பறவைகளை முன்வைத்து

பறவையின் உடல் மணம் பெரும்பாலும் வாலின் அடியில், முதுகுப்புறம் அமைந்த எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. கோழிக்கறி ஆக்குபவர்களுக்கு இது பழகிய உறுப்பு; அந்த மஞ்சள் கட்டியை அரிந்து எறியாவிட்டால் கறியில் வாடை அடிக்கும். சுரப்பி எண்ணெயை அலகால் தொட்டுப் பறவை இறகெங்கும் பூசிக்கொள்கிறது. இறகைக் காப்பதோடு, இணையையும் உறவையும் அறியும் அடையாளமாகவும் இந்த எண்ணெய் பயன்படுகிறது.

பறவைக்கு மோப்பமே கிடையாது என்ற கருத்து நெடுங்காலம் நிலைத்திருந்தது. பிணந்தின்னிக் கழுகுகள் கண்ணால்தான் இரை தேடுகின்றன என்று 1826இல் பறவையியலாளர் ஆடுபான் வெளியிட்ட சோதனை முடிவு அதற்கு வலுவூட்டியது. ஒரு பிழையான முடிவு இத்தனை தலைமுறை ஆய்வாளர்களைத் தடுத்து நிறுத்தியது வருந்தத்தக்கது. 1968இல் பெட்சி பாங், ஸ்டான்லி காப் இருவரும் 108 இனங்களின் மூளையில் மோப்பப் பகுதியை அளந்து வெளியிட்ட பிறகும் மனமாற்றம் மெதுவாகவே வந்தது. பிரையான் என்னும் தென்கடல் பறவை தன் இணையை மணத்தால் பிரித்தறிகிறது என்பதை 2004இல் பொனடோனாவும் நெவிட்டும் காட்டினர். அமெரிக்க ஜங்கோ சிட்டுகளை ஆராய்ந்த டேனியல் விட்டேக்கர், மணப்பொருள்கள் உருவாவதில் சுரப்பியில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு என்கிறார்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மணத்துக்கும் இணைசேர்தலுக்கும் உள்ள தொடர்புக்கு மிக நெருங்கிய சான்று காட்டுக்கோழி. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம், 1917இல் இவ்வட்டாரத்தில்தான் உருவானது. ஹென்றி ஃபோகோனியே தொடங்கிய அந்தப் பயிர், வடசிலாங்கூரில் ரப்பர் நின்ற இடங்களுக்கும் பின்னாளில் பரவியது. சிவப்புக் காட்டுக்கோழி இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொண்ட பறவை. தீபகற்ப மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் அது உதிர்ந்த பழத்தையும் கறையானையும் கொத்தித் தின்று வாழ்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதையும் அதுவே. ஆகவே வீட்டுக்கோழியிடம் கண்டறிந்தது காட்டுக்கோழியைப் புரிந்துகொள்ளவும் உதவும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சில பெட்டைகளின் எண்ணெய்ச் சுரப்பியை அகற்றிவிட்டு, சுரப்பியுள்ள பெட்டைகளோடு சேர்த்துச் சேவல்கள் முன் விட்டனர். சேவல்கள் சுரப்பியுள்ள பெட்டைகளையே அதிகம் நாடின. மோப்பப் பகுதி நீக்கப்பட்ட சேவல்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. கொண்டையின் சிவப்பையும் கூவலையும் மட்டுமே பேசிவந்த சேவல் ஆய்வுக்கு இது பெரிய திருப்பம்.

கடலோரச் சேற்றுவெளியில் கதை வேறு. மலேசிய இயற்கைக் கழகத்தின் பொறுப்பில் 1987இல் அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை ஒட்டிய கரைகளுக்கு, வடதுருவத்தை அண்டிய நிலங்களில் முட்டையிடும் உள்ளான் குடும்பப் பறவைகள் வலசை வருகின்றன. இக்குடும்பப் பறவைகளின் சுரப்பி மெழுகு ஆண்டு முழுதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மற்றக் காலங்களில் எளிதில் ஆவியாகும் மோனோஎஸ்டர் என்ற மெழுகு வகை. இணைசேரும் காலம் நெருங்கும்போது கனமான டையெஸ்டர் வகை. இதை டச்சு ஆய்வாளர் யெரூன் ரெனர்கென்ஸும் குழுவினரும் 2002இல் 19 இனங்களில் பதிவுசெய்தனர். இணையைக் கவரும் பூச்சாக இருக்கலாம் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் குஞ்சு பொரிக்கும்வரை டையெஸ்டர் தொடர்ந்து சுரந்ததால் அந்த விளக்கம் போதவில்லை. 2005இல் மோப்ப நாயை வைத்துச் சோதித்தபோது, டையெஸ்டரைக் கண்டுபிடிக்க நாய் கூடுதலாகத் திணறியது. தரையில் கூடு கட்டி அடைகாக்கும் இப்பறவைகள், நரி போன்ற விலங்குகளிடமிருந்து தப்பத் தம் மணத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்பதே இன்று வலுவாக நிற்கும் விளக்கம்.