நோயாளி வைத்த பெயர்

1896 ஏப்ரலில், வியன்னாவின் மனநல மருத்துவர்கள் கூடிய சபையில் சிக்மண்ட் பிராய்டு ஒரு கட்டுரை வாசித்தார். தான் பார்த்த 18 ஹிஸ்டீரியா நோயாளிகளிடமும் சிறுவயதில் நடந்த பாலியல் அத்துமீறல்தான் நோயின் வேர் என்றார். விஞ்ஞானத் தேவதைக் கதை போலிருக்கிறது என்றார் கிராஃப்ட் எபிங். மறு ஆண்டு செப்டம்பரில், நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் பிராய்டே அந்தக் கொள்கையைக் கைவிட்டார். அப்படியானால் இத்தனை தகப்பன்களைக் குற்றவாளிகளாக்க வேண்டியிருக்கிறதே என்ற தயக்கம் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நோயாளிகள் சொன்னது எவ்வளவு, பிராய்டு ஊகித்தது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். அந்தத் தயக்கம்தான் என்னை நிறுத்துகிறது.

அதே வியன்னாவில், சிகிச்சைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயர் வைத்தவர் ஒரு நோயாளி. 1895இல் வெளிவந்த நூலில் அவர் 'அன்னா ஓ.', சொந்தப் பெயர் பெர்த்தா பப்பன்ஹைம். தந்தையின் நோய்ப் படுக்கையருகே கண்விழித்த மாதங்களில் உடல் மரத்து, தாய்மொழி ஜெர்மன் மறந்து, ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். 1882 வரை மருத்துவர் பிராயர் அவரைப் பேசவிட்டுக் கேட்டார். பெர்த்தா குணமடைந்ததாக நூல் சொல்கிறது. ஆனால் பிராயரின் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்.

பிறகு நடந்தது அந்த நூலில் இல்லை. பிராங்க்பர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அனாதைச் சிறுமிகளின் இல்லத்தை நடத்தினார். 1899இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் தந்தார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் நாய் ஐசன்பர்க்கில், மணமாகாத தாய்மாருக்கும் பெண் கடத்தலில் சிக்கக்கூடிய சிறுமிகளுக்கும் ஓர் இல்லம் திறந்தார். அவர் மீண்டதில் இந்த வேலைகளுக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

முதல் உலகப்போரில் ஆண்களுக்கும் இதே அறிகுறிகள் வந்தன. நடுங்கினார்கள், ஊமையானார்கள். சிலருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். சிலரிடம், ஸ்காட்லாந்தில் ரிவர்ஸ் செய்ததுபோல, உட்கார்ந்து பேசினார்கள். போர் முடிந்ததும் அக்கறையும் வற்றிவிட்டது.

1972 ஜூலையில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இரண்டு பெண்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஆன் பர்ஜஸ் மனநலச் செவிலியர், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் சமூகவியலாளர். வல்லுறவுக்கு ஆளானவர் அவசரப் பிரிவுக்கு வந்தால் உடனே தொலைபேசி வரும். நடுராத்திரியானாலும் கிளம்பிப் போவார்கள். ஓராண்டில் 146 பேர். தூக்கமின்மை, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், குமட்டல், தனியே இருக்கப் பயம். பலர் வீடு மாறினார்கள், தொலைபேசி எண்ணை மாற்றினார்கள். 1974இல் இதற்கு 'வல்லுறவு உளக்காய நோய்த்தொகுதி' என்று பெயர் சூட்டினார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் ஏறக்குறைய இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இந்நோயை ஏற்றது. ஆனால் ஒரு நிபந்தனை: காரணமான நிகழ்வு வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். யாருடைய வழக்கம்? வீட்டுக்குள் தினமும் அடிபடுகிறவளுக்கு அது அப்பாற்பட்டதா என்ன? பெண்ணிய உளவியலாளர்கள் இதைக் கேட்டார்கள். 1994 பதிப்பில் அந்த வரி நீக்கப்பட்டது.

எது பலன் தருகிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுகளும் வல்லுறவுக்கு ஆளான பெண்களிடமிருந்தே வந்தன. எட்னா ஃபோவா 1991இல் 45 பெண்களிடம் சிகிச்சைகளை ஒப்பிட்டார். பதற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சி சிகிச்சை முடிந்த கையோடு நல்ல பலன் காட்டியது. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை சில மாதங்கள் கழித்து அதை முந்தியது. பட்ரீஷியா ரெசிக்கின் முறையில் அந்தப் பெண் தன் கதையை எழுதுகிறாள். 'நான் அந்த வழியாகப் போயிருக்கக்கூடாது' போன்ற எண்ணங்களைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து விசாரிக்கிறாள். 1992இல் ஜூடித் ஹெர்மன் எழுதிய நூல் ஒரு வரிசையை முன்வைத்தது: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கித்தல், பிறகு மனிதர்களோடு மறுபடி சேருதல். அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் இருப்பவளிடம் நினைவைக் கிளறுவது அவளை மேலும் நோகடிக்கும் என்பது அதன் பொருள். சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே தடவையில் கொட்டவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது. நம் ஊரில் பேரிடருக்குப் பேரிடர் அதுதான் இன்னும் நடக்கிறது என்பது என் எரிச்சல்.

2014இல் இந்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மருத்துவ நெறிமுறையை வெளியிட்டது. காவல்துறையில் புகார் கொடுக்காவிட்டாலும் சிகிச்சை தர வேண்டும், மனநல ஆதரவும் தர வேண்டும் என்கிறது அது. என் மாணவிகளிடம் அதன் பிரதியைக் கொடுத்து, அவரவர் ஊர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் இதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுவரச் சொல்கிறேன்.