பாட்டில் வந்த பெயரும் பாறையில் வந்த பெயரும்

சீனத்து ஷாங் மரபைக் கட்டுக்கதையென ஐயுற்றோர் உண்டு. 1928 முதல் ஆன்யாங்கில் அகழ்ந்தபோது, குறிபார்த்த எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் அம்மன்னர் பெயர்கள் கிடைத்தன. சூமா சியான் எழுதிவைத்த வரிசையோடு அவை பெரும்பாலும் ஒத்தன.

நம் நாட்டிலும் அத்தகைய செய்தி உண்டு. அசோகரின் கல்வெட்டு சேர சோழ பாண்டியரோடு சதியபுதோ என்பாரையும் குறிக்கிறது. அவர் யாவரென அறிஞர் நெடுங்காலம் வழக்காடினர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், குகைப் பாறையொன்றில் தமிழ் பிராமி எழுத்து கண்டறியப்பட்டது. ஔவை பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், சதியபுதோ என்னும் பட்டத்தோடு, உறைவிடம் ஈந்தவனாக அங்கே நிற்கிறது! புலவர் வாய்ப்புகழ் ஒரு சான்று. புகழுக்கு இடமில்லாக் கொடைக்குறிப்பு மற்றொன்று. பின்னதையே யான் பெரிதென்பேன்.

கரூரை அடுத்த புகளூரிலும், சமணத் துறவிக்களித்த கொடையொன்றில் சேரர் மூன்று தலைமுறையினர் வரிசையாக வருகின்றனர். ஷாங்குக்கு முந்தியதாகச் சொல்லப்படும் சியா மரபுக்கோ, அக்காலத்து எழுத்துச் சான்று இன்றளவும் வாய்க்கவில்லை.