அப்பன் இல்லாத வீடும் பூட்டிய பள்ளிக்கூடமும்

1965 மார்ச் மாதம் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் ஓர் அறிக்கை தயாரானது. எழுதியவர் அந்தத் துறையின் உதவிச் செயலாளராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் என்கிற வெள்ளையர். 'நீக்ரோ குடும்பம்: தேசிய நடவடிக்கைக்கான நியாயம்' என்று பெயர். எண்பது பக்கம்கூட இருக்காது. அதிகாரிகள் தங்களுக்குள் படித்துக்கொள்ள எழுதியது அந்தக் கோடையில் பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டது. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாட்ஸ் பகுதியில் கறுப்பர்கள் கொதித்தெழுந்தார்கள். 34 பேர் செத்தார்கள். 'இவங்களுக்குத்தான் சட்டம் எல்லாம் போட்டாச்சே, இன்னும் ஏன் இப்படி?' என்று கேட்ட வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்குப் பதில் தயாராகக் கிடந்தது. குடும்பம் சரியில்லை.

அறிக்கை சொன்னது இதுதான். கறுப்பர் குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பெண்தான் தலைவி. பிறக்கும் குழந்தைகளிலும் ஏறக்குறைய நாலில் ஒன்று கல்யாணத்துக்கு வெளியே பிறக்கிறது. வெள்ளையரில் இது நூற்றுக்கு மூன்று. அப்பன் இல்லாத வீட்டில் வளர்கிற பையன் படிக்கமாட்டான், வேலையில் நிற்கமாட்டான், தப்பான வழியில் போவான். மொய்னிஹான் அடிமை முறையை மறைக்கவில்லை, வேலையின்மையை மறைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பின ஆண்களுக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. ஆனால் நாலாவது அத்தியாயத்தில் பேச்சு மாறுகிறது. 'நோய்களின் சிக்கல்' என்று அதற்குத் தலைப்பு. வெள்ளையர் உதவி இல்லாமலே இந்த நோய் இனி தானாக வளரும் என்கிறார். அடித்தவன் ஊருக்குப் போய்விட்டான், இனி அடிபட்டவன் உடம்பைத்தான் பார்க்கணும் என்கிற மாதிரி.

கறுப்பினப் பெண்பிள்ளைகள் பையன்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வருகிறது. நாமாக இருந்தால் சந்தோஷப்படுவோம். அறிக்கைக்கு அது நோயின் அறிகுறி. தாய் அதிகாரம் கூடிப்போனதற்குச் சாட்சி. பொம்பளைப்புள்ள படிச்சதும் குத்தம், பையன் படிக்காததும் குத்தம், ரெண்டுக்கும் காரணம் அம்மா. மருந்தாக அவர் கை காட்டிய இடங்களில் ஒன்று ராணுவம். அங்கே போனால்தான் பையன் ஆம்பளைகளுக்கு நடுவே இருப்பானாம். அதே 1965 மார்ச்சில்தான் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள்.

இந்த 'அப்பன் இல்லாத வீடு' எப்போது கட்டப்பட்டது? 1662ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையை வைத்து முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தின் வழக்கமோ தகப்பன் வழி. அதை ஏன் தலைகீழாகத் திருப்பினார்கள்? அடிமைப் பெண்ணை முதலாளி கெடுத்தால் பிறக்கிற குழந்தை முதலாளிக்குச் சொத்து. அவன் அந்தக் குழந்தைக்கு அப்பன் ஆகமாட்டான், உடைமையாளன் ஆவான். கறுப்பின அப்பனைச் சட்டத்திலிருந்து துடைத்து எடுத்தது இந்த ஒரு வரிதான். அடிமைகளின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. புருஷனை ஒரு சந்தையில் விற்பான், பெண்டாட்டியை இன்னொரு சந்தையில் விற்பான். 1740ல் தென் கரோலினா அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. படுக்கையையும் பலகையையும் ஒரே கைதான் பிடித்து வைத்திருந்தது.

பழங்கதை என்று விட முடியாது. வாஷிங்டனில் உட்கார்ந்து மொய்னிஹான் எழுதிக்கொண்டிருந்தபோது, பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்வது சிறைக் குற்றம். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1967ல். வெள்ளை ஆண் கறுப்பினப் பெண்ணிடம் போகலாம், கல்யாணம் மட்டும் கூடாது. இப்படிப் பிறந்த குழந்தைகளை எண்ணி 'முறைகேடு' என்று கணக்கெழுதினால் அந்தக் கணக்கு யாருடையது?

1960ல் லூசியானா மாநிலம் என்ன செய்தது? கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற தாயின் வீடு 'தகுதியான வீடு' இல்லை என்று சொல்லி 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உதவித்தொகையை நிறுத்தியது. மிகப் பெரும்பாலானவர்கள் கறுப்பினக் குழந்தைகள். நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆண்டில் அதே ஆட்சி சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் ரூபி பிரிட்ஜஸ் என்கிற ஆறு வயதுச் சிறுமி காவலர்கள் சூழப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். அம்மாவின் ஒழுக்கத்தைக் கேட்டவனும் பள்ளி வாசலை மறித்தவனும் ஒரே ஆள்.

அலபாமாவில் இன்னொரு விதி. உதவித்தொகை வாங்குகிற தாயிடம் ஒரு ஆண் வந்து போனால் அவன்தான் 'மாற்று அப்பன்', உதவி கிடையாது. அவன் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காசு தராதவனாக இருந்தாலும் சரி. பல மாநிலங்களில் நடுராத்திரியில் அதிகாரிகள் வந்து கட்டிலுக்கடியில் ஆம்பளைச் செருப்பு தேடினார்கள். செல்மா பக்கத்தில் நாலு பிள்ளைகளோடு இருந்த ஒரு கறுப்பின விதவை இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1968ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அதுவரை, ஆம்பளை வீட்டில் இருந்தால் சோறு இல்லை என்றது அரசாங்கம். ஆம்பளை வீட்டில் இல்லாததால் பிள்ளை படிக்கவில்லை என்றதும் அரசாங்கம்தான்.

படிப்புக்கு வருவோம். வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு மாவட்டம். 1951ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, கூரைக் கொட்டகைகளில் நடந்த தன் பள்ளிக்கூடத்துக்காக மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அது வழக்காகி, 1954ல் வந்த புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்புக்குள் சேர்ந்தது. தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத மாவட்டம் 1959ல் பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்துகொண்டார்கள். 1964 வரை, ஐந்து வருஷம், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடமே கிடையாது. சர்ச்சுகளில் பாடம் நடத்திப் பார்த்தார்கள், முடிந்தவர்கள் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டுதான் மொய்னிஹான் அறிக்கை வருகிறது.

அதற்கடுத்து, 1966 ஜூலையில் இன்னொரு அறிக்கை. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், சுமார் 6 லட்சம் மாணவர்களைச் சோதித்து அரசாங்கமே செய்தது. பள்ளிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைவிடப் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறது என்பதே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்று இந்த அறிக்கையை எல்லோரும் சுருக்கிச் சொல்வார்கள். பார்த்தாயா, குடும்பம்தான் என்று மொய்னிஹான் கட்சிக்காரர்களுக்கு ஒரே குஷி. ஆனால் உள்ளே ஓர் இடம் இருக்கிறது. அப்பன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பதற்கும் கறுப்பினப் பிள்ளையின் படிப்புக்கும் மிகக் குறைந்த தொடர்பே இருக்கிறது என்று கணக்கு சொன்னது. மற்றச் சிறுபான்மைப் பிள்ளைகளிடம் தொடர்பு தெரிந்தது, கறுப்பினப் பிள்ளைகளிடம் தெரியவில்லை. எந்தப் பிள்ளைகளைக் காட்டி இத்தனை ஊர்வலம் நடந்ததோ அந்தப் பிள்ளைகளிடமே இல்லை! இந்த வரியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்று நம்புகிற பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்பதும் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. பள்ளியைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போன ஊரில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

மொய்னிஹான் பெரிதும் சார்ந்து நின்றது பிராங்க்ளின் ஃப்ரேசியர் 1939ல் எழுதிய கறுப்பர் குடும்பம் பற்றிய நூலை. ஃப்ரேசியர் கறுப்பர், அமெரிக்கச் சமூகவியல் சங்கத்துக்குத் தலைவரான முதல் கறுப்பர். வறுமையையும் நகரத்தையும் குற்றம் சொல்ல அவர் எழுதியதில் 'சிதைந்த குடும்பம்' என்கிற படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படமே சரியில்லை என்று 1976ல் ஹெர்பர்ட் குட்மன் காட்டினார். தோட்ட முதலாளிகளின் பிறப்புப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கேடுகளையும் புரட்டி, அடிமை முறைக்குள்ளும் அதற்குப் பிறகும் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களில் தாயும் தகப்பனும் சேர்ந்தே இருந்தார்கள் என்றார். விடுதலை கிடைத்ததும் விற்கப்பட்ட பெண்டாட்டியைத் தேடிக் கால்நடையாகப் போனவர்கள் உண்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்கள் உண்டு.

மிசிசிப்பியில் பிறந்த ஜாய்ஸ் லாட்னர் செயின்ட் லூயிஸ் குடியிருப்புகளில் கறுப்பினச் சிறுமிகளோடு பழகி 1971ல் எழுதினார். 'நெறி பிறழ்ந்தவர்கள்' என்று பாடநூல் சொல்லிக்கொடுத்த கண்ணாடியோடு போனவர் அதைக் கழற்றிவிட்டு எழுதினார். பிறந்த குழந்தையை 'முறைகேடாகப் பிறந்தது' என்று தள்ளிவைக்கிற வழக்கம் அந்தச் சனங்களிடம் இல்லை என்று சொன்னவர் அவர். கரோல் ஸ்டாக் 1974ல், ஒரு பிள்ளையை அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரி என்று பல கைகள் சேர்ந்து வளர்ப்பதை எழுதினார். மொய்னிஹானின் கணக்குத்தாளில் இந்தக் கைகளுக்குக் கட்டம் இல்லை.

இதே தேசத்தில், 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். சாதி எப்படி நிற்கிறது என்று கேட்டு, அகமணத்தால் நிற்கிறது, அதற்காகவே விதவையை எரித்தார்கள், பூட்டி வைத்தார்கள், சிறுமிக்குக் கல்யாணம் செய்தார்கள் என்று விளக்கினார் அம்பேத்கர். பாலுறவையும் குடும்பத்தையும் அவரும்தான் ஆராய்ந்தார். ஆனால் மேலே இருப்பவன் தன் வேலியை எப்படிப் போட்டான் என்று பார்த்தார். ஐம்பது வருஷம் கழித்தும் அமெரிக்கச் சமூகவியலின் பெரும்பகுதி கீழே இருப்பவளின் கட்டிலைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1965ல் கறுப்பருக்குச் சொன்ன அந்த 'நாலில் ஒன்று' என்ற அளவை இன்று அமெரிக்க வெள்ளையர்களே தாண்டிவிட்டார்கள். வெள்ளையர் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு மேல் கல்யாணத்துக்கு வெளியே பிறக்கிறது. அதை வெள்ளை இனத்தின் நோய் என்று தலைப்புப் போட்டு எந்தத் துறையும் அறிக்கை எழுதவில்லை. மொய்னிஹான் 1977 முதல் 2001 வரை செனட்டராக இருந்தார். பிரின்ஸ் எட்வர்டில் பூட்டிய பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு 2004ல் வர்ஜீனியா அரசு ஒரு கல்வி உதவித்தொகை ஏற்படுத்தியது. அதற்குள் அவர்கள் ஐம்பதைக் கடந்து பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள். அந்த வயதிலும் சிலர் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.