தீவகத்துக் கடலும் ஐரோப்பியச் சுங்கமும்

பிறர் விதிக்கும் தீர்வையால் வாழ்வதும் தாழ்வதும் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. முன்னாளில் யாழ்ப்பாணப் புகையிலை பாய்க்கப்பல்களில் திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்கே புகையிலை அரச ஏகபோகமாக இருந்தது. 1863இல் அது ஒழிந்து, இறக்குமதித் தீர்வை வந்தது. அத்தீர்வை ஏறினால் இங்கே தோட்டக்காரனின் அடுப்புத் தணிந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் அச்சந்தையும் மெல்ல மறைந்தது.

இத்தகைய நிலையை உலக அளவில் எண்ணிப் பார்த்தவர் ஆர்ஜென்டீனப் பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ். மூலப்பொருளை விற்று முடிவுப்பொருளை வாங்கும் நாடு என்றும் பின்தங்கியே நிற்கும். ஆகவே வளர்முக நாடுகளின் உற்பத்திப் பொருள்களுக்குச் செல்வந்த நாடுகள் தீர்வையைக் குறைக்கவேண்டும் என்று 1964இல் ஜெனீவாவில் கூடிய ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டில் அவர் வாதிட்டார். 1968இல் புதுடில்லியில் கூடிய இரண்டாம் மாநாடு அதனை ஏற்றது. 1971இல் ஐரோப்பியர் நடைமுறைப்படுத்தினர். பிற்காலத்தில் அந்த அமைப்பின் செயலாளர் நாயகமாகப் பத்தாண்டுகள் இருந்தவர் நம் நாட்டவரான காமினி கொரியா.

ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஜூலையில் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்தது. ஆடைத் தொழிற்சாலைகள் அதனால் செழித்தன. பல்லாயிரம் பெண்களுக்கு வேலை நிலைத்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது தீவகத்தின் நிலை யாது? 1990இலிருந்து இடம்பெயர்ந்தோரின் வீடுகள் பாழடைந்து கிடந்தன. கடற்றொழிலோ கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. 2009இல் போர் முடிந்து கடல் சற்றே திறந்தது. 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. மனித உரிமை உடன்படிக்கைகளை அரசு மீறியதே காரணம். காரணத்தோடு நாம் முரண்பட முடியாது. எனினும் வரும்போது எட்டாத சலுகை, எட்டக்கூடிய வேளையில் இல்லாமற்போயிற்று.

அடுத்த அடி இன்னும் விசித்திரமானது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியமைக்காக 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அது ஆழ்கடற் பலநாட் படகுகளின் விவகாரம். நெடுந்தீவின் சிறுபடகோ காலையில் கரை திரும்புவது. தடை நாட்டுக்கு விதிக்கப்படுகையில் படகின் அளவை யார் பார்ப்பார்? 2016இல் அத்தடை நீங்கியது. 2017 மே மாதம் ஜி.எஸ்.பி. பிளஸும் மீண்டது.

மீண்டதன் பயன் நெடுந்தீவு வரை வந்ததா என்றால், தயக்கத்துடனேயே விடை சொல்லவேண்டும். இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்வது ஒருபுறம். மறுபுறம், ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப அங்கீகாரம் பெற்ற பதனிடு நிலையம் வேண்டும், அறுபடாத குளிர்வசதி வேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் தேசிய மின்வலையில் இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். இந்திய உதவியில் கலப்பு மின்திட்டத்துக்கு உடன்பாடு கைச்சாத்தானதே 2022இல்தான். ஆகவே பிடிபடும் மீன் பனிக்கட்டிப் பெட்டியில் குறிகட்டுவானுக்கு வருகிறது. பதனிடுவதும் பொதியிடுவதும் வேறிடத்தில். பிரெபிஷ் நாடுகளுக்கிடையே கண்ட ஏற்றத்தாழ்வு, ஒரே நாட்டுக்குள், ஒரு மணிநேரப் படகுப்பயணத்துக்குள் நிற்கிறது. அதற்குப் பிரசெல்சில் தீர்வை குறைத்துப் பயனில்லை; நெடுந்தீவில் ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலை வேண்டும்.