கொல்லிமலையில் ஒரு 'கொள்ளி': பிராண்ட் என்ற குடும்பப் பெயரின் கதை

தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்டை வேலூர்ப் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். அவர் பிறந்தது கொல்லிமலையில், 1914-ல். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவ்லின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். இந்தக் குடும்பத்தின் சேவையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர்மேல்தான் கண். பிராண்ட் என்றால் என்ன? ஜவுளிக்கடையில் 'பிராண்டட் சட்டை' என்கிறோமே, அதே சொல்லா?

அதே சொல்தான். ஆனால் அது கடைக்கு வந்து சேர்ந்தது ரொம்பப் பிந்தி.

பழைய ஆங்கிலத்திலும், கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலும் பிராண்ட் என்றால் எரியும் கட்டை, தீப்பந்தம். தீ போலப் பளபளப்பதால் வாளுக்கும் அதே பெயர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குச் சூடு போட்டு இன்னாருடையது என்று அடையாளம் வைத்தார்கள். அந்தச் சூட்டுத் தழும்பும் பிராண்ட் ஆனது. சரக்குப் பீப்பாயிலும் பெட்டியிலும் அதே மாதிரி சுட்டுக் குறி வைக்க, அப்படியே வியாபாரப் பெயர் என்ற அர்த்தம் வந்தது. நம்மூர் பிராந்தியும் இந்த வகையறாதான். டச்சுக்காரர்கள் காய்ச்சி வடித்த திராட்சை மதுவைச் 'சுட்ட மது' என்று சொன்னார்கள், அந்தச் சொல் சுருங்கிப் பிராந்தி.

மனிதர்களுக்கும் இந்தப் பெயரை வைத்தார்கள். வாள், நெருப்பு என்றெல்லாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அந்தக் காலப் போர்க்குடிகளின் வழக்கம். ஹில்டெபிராண்ட், ஓவியர் ரெம்பிராண்ட் போன்ற பெயர்களின் வாலில் இருப்பதும் இதுதான். 1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பீட்டர்பரோ மடத்தின் தலைவர் பெயரே பிராண்ட். அவருக்கு அது சொந்தப் பெயர், குடும்பப் பெயர் அல்ல. சாதாரண ஆங்கிலேயனுக்கு அப்போது குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது.

அது நிலைபெற அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின. வரி வாங்க, நிலத்தைப் பிள்ளைக்கு மாற்றி எழுத, ஊரில் உள்ள பத்து ஜான்களில் எந்த ஜான் என்று பதிய வேண்டியிருந்தது. தொழிலை வைத்து ஒருவன் ஸ்மித், அதாவது கொல்லன். ஊரை வைத்து, பட்டப்பெயரை வைத்துச் சிலர். அப்பன் பெயரை வைத்துப் பலர். பிராண்ட் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. என்றைக்கோ ஒரு பிராண்டின் மகன், பேரன் என்று ஒட்டிக்கொண்டு அப்படியே உறைந்துபோன பெயர். பல ஊர்களில் பல பிராண்டுகள் இருந்ததால், இந்தப் பெயருள்ள எல்லாரும் ஒரே வம்சம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பிராண்ட் என்பதற்கு இன்னொரு வேரும் உண்டு: காட்டை எரித்துத் திருத்திய நிலத்தில் குடியிருந்தவன். நம் குறிஞ்சி நிலத்துப் புனம் மாதிரி.

பிராண்டன் என்ற பெயரைப் பார்த்தால் இதன் தம்பி போலத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் ஊர்ப்பெயர். 'புரூம்' என்ற மஞ்சள் பூப் புதர் வளரும் குன்று என்று பொருள். நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒலியை நம்பினால் மோசம்தான்.

இதை நம்ம பக்கம் வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. எரியும் கட்டைக்குத் தமிழில் கொள்ளி. 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்கிற பழமொழிக் கொள்ளி. ஆக ஜெஸ்ஸி பிராண்டைத் தமிழில் பெயர்த்தால் 'கொள்ளி' ஜெஸ்ஸி. அவர் வாழ்ந்தது கொல்லி! லகரம் எங்கே, ளகரம் எங்கே, ரெண்டும் வேறு வேறு சொல். வல்வில் ஓரி ஆண்ட காலத்திலேயே மலைக்குப் பெயர் கொல்லி. கொல்லும் மலை, கொல்லிப்பாவை என்று கதைகள் உண்டு. இது வெறும் தற்செயல். இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஜெஸ்ஸி தொழிலால் கட்டடக்காரர். 1907-ல் இந்தியா வந்தவர், 1913-ல் எவ்லினை மணந்து மலையேறினார். நரம்புச் சிலந்திப் புழு பரவாமல் இருக்க, கிணற்றில் கால் நனைக்காமல் தண்ணீர் எடுக்கும்படி சுற்றிலும் கல் சுவர் கட்ட மலைவாசிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பால், முதலில் அப்பாவின் கட்டட வேலையைத்தான் கற்றார். மருத்துவம் அதற்குப் பிறகு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், நெருப்புக்குள் கைவிடுகிறார், புண் ஆனதும் தெரிவதில்லை. அதில்தான் விரல் போகிறது. ஊர் முத்திரை குத்தி ஒதுக்கிய மனிதர்களின் கையில் இருந்த தழும்புகளில் பல தீக்காயங்கள். ஆங்கிலத்தில் இந்த முத்திரை குத்துவதற்கும் பிராண்ட் என்ற வினைச்சொல்தான்.

நம் வழக்கப்படி பார்த்தால் அவர் ஜே. பால். 'பிராண்ட்' அந்த முதலெழுத்தில் வரவே வராது. நமக்குத் தலைமுறைக்கு ஒருமுறை இனிஷியல் மாறும், தாத்தா பெயர் கழன்றுவிடும். அவர்களுக்கு எந்த நூற்றாண்டிலோ இருந்த ஒரு முகம் தெரியாத தாத்தா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை, அம்மா வழிக்கு இடமில்லை. எவ்லினின் பிறந்த வீட்டுப் பெயர் ஹாரிஸ், ஹாரியின் மகன் என்று அர்த்தம். கல்யாணத்தோடு அது போயிற்று.

ஆனால் பிராண்ட் என்ற பெயரை மலையில் நெடுங்காலம் சுமந்தது எவ்லின்தான். கணவர் இறந்து 45 வருடம். ஓய்வு வயது தாண்டியும் ஊர் திரும்பாமல், தானாகவே மலைகளுக்குப் போய்க் குடியிருந்தார். நடக்க முடியாத வயதில் குதிரைமேல் ஊர் ஊராகப் போனார். ஆங்கிலப் புத்தகங்களில் அவர் 'பிராண்ட் பாட்டி'. 1974-ல், 95 வயதில் இறந்தவரை ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே, வாழவந்தியில் புதைத்தார்கள்.