லீசு வண்டி: எண்ணூர் முதல் வியாசர்பாடி வரை

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் "லீசு" என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வது. கார் கம்பெனிக்காரர்கள் சொல்லும் லீசு இதற்கு நேர் எதிர். அங்கே முன்பணம் கொஞ்சம், அல்லது இல்லவே இல்லை. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், முடிவில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் எதுவும் வராது! பெயர் ஒன்று என்பதால் ஏமாறுபவர்கள் உண்டு.

வண்டியைக் கடனில் வாங்கும் பழக்கம் வடசென்னைக்குப் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. (ஆம், லாரிக்குப் பெயர்போன எண்ணூர் முதலில் கார் ஊர்தான்.) பிறகு லேலண்டுடன் ஒப்பந்தமாகி 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. பஸ், லாரி சேஸியை மொத்தப் பணம் கொடுத்து வாங்க எத்தனை பேரால் முடியும்? அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1954-ல், சென்னையில் 2 லட்ச ரூபாய் முதலீட்டுடன் சுந்தரம் பைனான்ஸ் பிறந்திருந்தது. அவர்கள் செய்தது வாடகைக் கொள்முதல். ட்யூ கட்டி முடிக்கும் வரை வண்டியின் மீது பைனான்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு, கடைசி ட்யூ கட்டியதும் வண்டி உங்களுடையது. 1973-ல் சென்னையிலேயே பர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆப் இந்தியா தொடங்கியது. இது அசல் லீசு. கடைசி வரை பொருள் கம்பெனிக்கே சொந்தம், தேய்மானக் கழிவும் அவர்களுக்கே. நாட்டின் முதல் லீசிங் கம்பெனி என்ற பெயரோடு இருந்த அந்த நிறுவனம், 2013-ல் கணக்குக் குளறுபடிகளால் ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைக்கு ஆளானது தனிக்கதை.

லீசுக் கணக்கின் உயிர்நாடி, திருப்பிக் கொடுக்கும்போது வண்டிக்கு என்ன விலை இருக்கும் என்பதுதான். 15 லட்ச ரூபாய் கார், நான்கு வருட லீசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் அது 6 லட்சம் பெறும் என்று கம்பெனி நினைத்தால், 9 லட்சத்தை 48 மாதத்தில் வசூலிக்க வேண்டும். மாதம் 18,750 ரூபாய், வட்டி தனி. 4 லட்சம்தான் பெறும் என்று பயந்தால் அதே காருக்கு மாதம் ஏறத்தாழ 22,900 ரூபாய். கார் மாறவில்லை, பயம்தான் மாறியது. டீசல் வண்டியில் இந்தப் பயம் குறைவு. பழைய லேலண்ட் இஞ்சினைப் பிரித்து மறுபடி போர் போட்டு ஓட்டலாம், அதுவும் முடியாவிட்டால் புதுப்பேட்டையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு விலை உண்டு. மின்சார வண்டியில் பெரும்பணம் பேட்டரியில் இருக்கிறது. ஐந்து வருடம் ஓடிய பேட்டரிக்கு என்ன விலை?

இந்தக் கேள்வி எண்ணூர் தொழிற்சாலையை விட அரை நூற்றாண்டு மூத்தது. 1897-ல் நியூயார்க்கில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. கனமான ஈய பேட்டரியை யார் பராமரிப்பது என்ற சிக்கலால், கம்பெனி வண்டிகளை விற்காமல் தன் வசமே வைத்துக்கொண்டு வாடகைக்கு மட்டும் விட்டது. ஷெட்டுக்கு வந்தால் சில நிமிடங்களில் பேட்டரியை மாற்றி அனுப்பிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் வண்டி விடுவதாகப் பெரிய முதலாளிகள் பணம் போட்டார்கள். அதை நடத்திய எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி 1907-ல் திவாலானது.

அடுத்த பெரிய முயற்சி 1996 டிசம்பரில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஈ.வி.1 கார் லீசுக்கு மட்டுமே கிடைத்தது. ஷோரூம் விலை என்று ஏறத்தாழ 34,000 டாலர் எழுதியிருந்தாலும் யாரும் அதைக் கொடுத்து வாங்க முடியாது. கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் எடுத்து ஓட்டியவர்களுக்கு அந்தக் கார் மீது ஒரு பைத்தியமே பிடித்தது. மொத்தம் 1,117 கார்கள். லீசு முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார்கள். "இருக்கட்டும், விலைக்குக் கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றே பதில். உதிரி பாகம் தர முடியாது, பிற்காலத்தில் வழக்கு வரலாம் என்று காரணம் சொன்னார்கள். 2005-ல் பர்பேங்க் நகரில் நிறுத்தியிருந்த கடைசி 78 கார்களுக்காக ஆட்கள் இரவு பகலாகக் காவல் இருந்து, 19 லட்சம் டாலர் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பெரும்பாலான கார்களை நசுக்கித்தான் போட்டார்கள். கம்பெனி சட்டத்தை மீறவில்லை. லீசுப் பத்திரத்தில் வாங்கும் உரிமை இல்லை, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரி எத்தனை பேர் கண்ணில் பட்டதோ!

இந்தியாவில் 2017-ல் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. டாடா டிகோருக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 10.16 லட்சம் விலை வந்தது. அவற்றை அரசுத் துறைகளுக்கு லீசுக்கு விடுவது திட்டம். கார் போதிய தூரம் ஓடவில்லை என்று அதிகாரிகள் முணுமுணுக்க, திட்டம் நினைத்த வேகத்தில் போகவில்லை.

வடசென்னைக்கு இந்த முறை வந்து சேர்ந்தது 2025 ஜூன் 30 அன்று. வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்துகளைத் தயாரித்த ஸ்விட்ச், அவற்றை இயக்கும் ஓம் ஆகிய இரண்டுமே அசோக் லேலண்ட் குடும்பம். வண்டியும் பேட்டரியும் டிரைவரும் ஒப்பந்தக்காரருடையவை. கண்டக்டரும் டிக்கெட் பணமும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கும். ஒரு காலத்தில் சேஸியை விற்றதோடு எண்ணூர்க்காரரின் வேலை முடிந்தது. இப்போது பேட்டரி கிழமாகும் கவலை முழுவதும் அவர்கள் தலையில். கூட்டம் ஏறவில்லை என்றால் அந்த நஷ்டம் கழகத்தின் தலையில். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயத்தின் முதல் படி என்று எதிர்க்கின்றன. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பேட்டரி நஷ்டத்தை மட்டும் பார்த்தால், கழகம் இதில் ஏமாறவில்லை.

தனி மனிதருக்கு இதன் சின்ன வடிவம் 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர். பேட்டரியோடு அறிமுக விலை 13.50 லட்சம். அப்போது பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் கார் 9.99 லட்சம், அதோடு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று இருந்தது (சார்ஜ் செலவு தனி). வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வருகிறது. திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வருபவர் தினம் 40 கிலோமீட்டர், வருடம் 300 நாள் என்றால் 12,000 கிலோமீட்டர். வட்டியைச் சேர்க்காமலே எட்டு வருடத்துக்கு மேல் வாடகைதான் லாபம். அதே காரை டாக்ஸியாக விட்டு நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டு வருடத்துக்குள் கணக்கு தலைகீழாகிவிடும். குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தால், குறைவாக ஓட்டுபவரின் கணக்கும் மாறும். அதையும், இடையில் விட்டால் என்ன அபராதம், கடைசியில் விலைக்கு எடுக்கும் உரிமை உண்டா, உண்டென்றால் என்ன விலை என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஈ.வி.1 ஓட்டியவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க லீசு முடியும்போதுதான் தோன்றியது.