கடவுனு பொறொந்துவ

‘கடவுனு பொறொந்துவ’ முதலாவது சிங்களப் பேசும்படம். ‘மீறப்பட்ட வாக்குறுதி’ என்பது தலைப்பின் பொருள். நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவுக்காக பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதிய மேடை நாடகமே படமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு கழித்து மதுரையில், எஸ். எம். நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் கலையகத்தில் எடுக்கப்பட்டு, 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் வெளியானது.

முதல் சிங்களப் படத்துக்கு முதல் போட்டவர் தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சிங் வங்காளி. இசை ஆர். நாராயண ஐயர். நாடகமும் நடிகர்களும் மட்டும் நீர்கொழும்பிலிருந்து வந்தவை. பிரான்சில் ஜான் அனுயி தனது 1937ஆம் ஆண்டு நாடகமொன்றை, போர்க்காலத்தில், 1944இல் தானே இயக்கிப் படமாக்கினார். ஜயமான்னவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. கமராவின் பொறுப்பு வேறொருவர் கையில் இருந்தது. ஆனாலும் படத்தில் மேலோங்கி நிற்பது ஜயமான்னவின் மேடைதான். கலையகத்துள் போட்ட செட், சபையைப் பார்த்துப் பேசுவதுபோன்ற வசனம், நடுநடுவே பாட்டு, கதையை நிறுத்தி வைத்துவிட்டு நடக்கும் நகைச்சுவை. பாட்டுகளுக்கு இந்தி மெட்டுகளின் சாயல் இருந்தது. பின்னாளில் விமர்சகர்கள் இதைக் குறையென்றார்கள். ஆனால் அன்றைய சனம் மினர்வா நாடகத்தை விரும்பித்தானே தியேட்டருக்குப் போனது!

கதாநாயகி ருக்மணி தேவி. 1923இல் றம்பொடையில், கொழும்புச் செட்டி குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். படம் வருமுன்னரே மேடையிலும் இசைத்தட்டிலும் பெயர்பெற்ற பாடகி. நாடகாசிரியரின் தம்பியும் படத்தின் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். 1978இல் வீதி விபத்தில் இறந்தார்.

மன்னார் வாசகருக்கு இந்தத் தமிழ்–சிங்களக் கலப்பு புதிதாகத் தோன்றாது. சிங்கள ‘நாடகம’ மரபு வடபுலத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துகளிலிருந்து கிளைத்தது என்பது எதிரிவீர சரச்சந்திர போன்றோர் ஆராய்ந்து சொன்ன முடிவு. வாசகப்பாவும் வடபாங்கு, தென்பாங்கு நாடகங்களும் ஆடப்பட்ட மாதோட்டக் கரைக்கும் அந்த வரலாற்றில் பங்குண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1914 முதல் ஓடிய கப்பல், 1964 புயல் வரை இரு கரைகளையும் இணைத்தது.

அதே 1947இல் வெளிவந்த ‘அசோகமாலா’ கோயம்புத்தூரில் தயாரானது. அதையடுத்த சில ஆண்டுகளும் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களையே நம்பியிருந்தன. அந்த நிலையை மாற்றத் தொடங்கியவரும் நாயகமே. கந்தானையில் கலையகம் நிறுவி, 1952இல் ‘பண்டா நகரயட்ட பெமிணீம’ படத்தை உள்நாட்டிலேயே எடுத்தார். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கமராவைக் கலையகத்துக்கு வெளியே, கிராமத்துக்குக் கொண்டுபோனபோதுதான் சிங்கள சினிமா மினர்வா மேடையை விட்டு இறங்கியது.